சுகந்தி அக்காவின் ஃப்யூஸ் மேசைமேல் இருந்தது

நான் இதில் எதையும் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நினைவு மலருக்கு எழுதச் சொல்கிறவர்கள் இனிமையான வார்த்தைகளை எதிர்பார்ப்பார்கள். ஹெப்பகோடி ஸ்பீக்கர் தொழிற்சாலையில் சுகந்தி அக்காவோடு வேலை பார்த்த நீங்கள் அவற்றை எழுதுவீர்கள். நான் மல்லேஸ்வரத்தில் அவருடைய கீழ் வீட்டுப் பெண். எங்கள் கட்டடத்தில் அவருக்கு என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது என்று உங்களோடு வேலை பார்க்கும் ஃபிலோமினா அக்கா சொன்னார். அதனால் அதைத்தான் எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் அச்சிட வேண்டாம். ஆனால் பாதியை வெட்டிவிட்டு மீதியை அச்சிட வேண்டாம்.

செய்தி சனிக்கிழமை மத்தியானம் வந்தது. பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கு நான் அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஃபோனை எடுத்து, "எந்த சுகந்தி?" என்று கேட்டார். பிறகு உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. வேலைக்குக் கிளம்பும்போது வாசலிலேயே விழுந்துவிட்டார் என்றார் ஃபிலோமினா அக்கா. நாற்பத்தோரு வயது.

நான் அழுதுகொண்டே படிக்கட்டுக்கு வந்தபோது மூன்றாவது மாடி மாமி காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஐயோ பாவம். நான் அப்பவே சொன்னேன் கேட்டியோ. அந்த டமடம சத்தம் நெஞ்சுக்குள்ள போய் என்னமா அதிர்றது. எத்தனை நாள்தான் தாங்கும்?" என்றார்.

என் அழுகை அங்கேயே நின்றுவிட்டது. இதுவரை திரும்பி வரவில்லை. அதனால் இந்த அஞ்சலியில் கண்ணீர் இருக்காது. கோபம்தான் இருக்கும். அக்காவின் அப்பாவும் கிட்டத்தட்ட அதே வயதில் அதே மாதிரிதான் போனார். அதை அக்காவே என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்: "எங்க வூட்டு இதயம் எல்லாம் சீக்கிரம் கையெழுத்துப் போட்டுட்டு வூட்டுக்குக் கிளம்பற ரகம்." எந்த ஊஃபர் ஸ்பீக்கரும் அவரைக் கொல்லவில்லை.

அக்கா எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்த மறுநாளே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் இனிப்பு இல்லை, குங்குமம் இல்லை. "மேல் வூடு. பேரு சுகந்தி. எனக்கு வேலையே ஸ்பீக்கர் டிசைன் பண்றது. வூட்லயும் ரெண்டு சப்ஊஃபர் வெச்சிருக்கேன், கீழ் சத்தத்துக்குன்னே இருக்கற பெட்டி. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் போடுவேன். உங்களுக்குக் கேட்டா நான் நிறுத்திடணும். அதுக்கு ஒரு ஆள் வேணும்," என்றார்.

"என்ன ஆள்?" என்றார் அம்மா.

"சும்மா உக்காந்திருக்கற ஆள்." என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். "இந்தப் புக்கு போதும்."

அன்றிலிருந்து எனக்குப் புக்கு என்றே பேர். அந்த ஞாயிறு நான் எங்கள் ஹாலில் படித்துக்கொண்டிருக்க, மேலே ஒவ்வொரு தடவை மாற்றிப் போட்டதும் அக்கா இறங்கி வந்து, "கேட்டுச்சா?" என்பார். முதலில் கேட்டது. பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார். அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டார். சத்தத்தைக் குறைத்தார். கடைசியில் எனக்கு எதுவுமே கேட்கவில்லை. வால்யூம் குமிழில் அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியைத் தாண்டி அவர் திருப்பி நான் பார்த்ததில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் குறை சொல்வதற்கு முன்னாலேயே, தானாக வந்து கேட்டவர் அவர்.

அக்கா இனிமையானவர் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவர். "பொறந்ததுலேர்ந்து ஹாரன் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு. ஒரு நாளாவது அமைதியா இருப்பமேன்னுதான் மல்லேஸ்வரத்துக்கு வந்தேன்," என்பார். யார் தப்பாகப் பேசினாலும் முகத்துக்கு நேரே சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு அவருக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்பதை இனி சொல்கிறேன்.

போன வருடம் அப்பா ஒரு ஹோம் தியேட்டர் செட் வாங்கினார். எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கித் தேடி எடுத்தது. டிவிடி பிளேயரோடு சேர்த்து ஒரே அட்டைப் பெட்டியில் வந்தது. சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள் ஐந்து, ஒரு சப்ஊஃபர். அப்பா அதை சோபாவுக்குப் பின்னால் மூலையில் தள்ளி வைத்தார். மூலையில் வைத்தால் அதிர்வு நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததில் அவருக்கு ரொம்பச் சந்தோஷம். வங்கியில் நாள் முழுக்கத் தலையைக் குனிந்து வேலை செய்துவிட்டு வருகிற மனிதர். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தப் பெட்டியை மேலே தூக்கிக்கொண்டு வரும்படி அக்காதான் கூப்பிட்டார். அங்கே இரண்டு பெட்டிகள் இருந்தன. இந்த மலரை அக்காவின் உறவினர்களும் படிப்பார்கள் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். ஒன்றில் பன்னிரண்டு அங்குல ஊஃபர். கூம்பு கனமானது, சுற்றிலும் தடித்த ரப்பர் விளிம்பு, முன்னும் பின்னும் வெகுதூரம் போய்வரும். இன்னொன்றில் பத்து அங்குலம், லேசான காகிதக் கூம்பு, மடிப்பு வைத்த துணி விளிம்பு, கொஞ்சதூரம்தான் அசையும். இரண்டுமே எங்கும் துளை இல்லாத மூடிய பெட்டிகள். அப்பாவுடையது எட்டு அங்குலம், பெட்டியின் பின்பக்கம் காற்று வருவதற்கு ஒரு குழாய்.

மூன்றையும் ஒரே இடத்தில் வரிசையாக வைத்து முன்னால் ஒரு போர்வையைக் கட்டினார். சோபாவில் ஒரு சின்ன மீட்டரை வைத்து, மூன்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். அதற்கே அரை மணிநேரம் ஆனது. அப்பா பொறுமை இழந்து, "போடும்மா, கேட்டா தெரிஞ்சிடப் போகுது," என்றார்.

"தெரியாது சார். எது கொஞ்சம் சத்தமா இருக்கோ அதுதான் நல்லாயிருக்குன்னு காது சொல்லும். முதல்ல சமம் பண்ணணும். அப்புறம்தான் தீர்ப்பு."

முதலில் ஒரு படத்தில் பாலம் இடிந்து விழும் காட்சி. பிறகு ஒரு மிருதங்கத் தனி. எந்தப் பெட்டி என்று சொல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்றே மாற்றி மாற்றிப் போட்டார். பாலத்துக்கு அப்பா உடனே ஒன்றைச் சொன்னார். "வயித்துக்குள்ள இடியுது." அது கனமான பன்னிரண்டு அங்குலம். மிருதங்கத்துக்கு மூன்று. "இடது பக்கத் தொப்பியில விரல் பட்டு விலகறது தனியா கேக்குது," என்றார். அது காகிதக் கூம்பு. அக்காவுக்கே முகம் மலர்ந்தது. நல்ல காது சார் உங்களுக்கு என்றார். கனமான கூம்பு என்றாலே மந்தம் என்று சொல்வது பாதிப் பொய், காந்தத்தின் பிடி எவ்வளவு, பெட்டி எப்படி, அறை எப்படி என்பதுதான் கணக்கு, ஆனால் இந்த இரண்டில் பாட்டுக்கு இதுதான் என்று தானும் ஒப்புக்கொண்டார்.

"ரெண்டு எப்படி சார்?"

அப்பாவுக்கு உற்சாகம் ஏறியிருந்தது. "அதைப் பத்திக் கேக்கவே வேணாம். எல்லா அடியும் ஒரே சுருதியில கேக்குது. அடி நின்னப்புறமும் முனகுது. தண்ணி டிரம்முக்குள்ள உக்காந்து யாரோ இருமற மாதிரி."

அக்கா போர்வையை இழுத்தார். இரண்டாவது பெட்டி எங்களுடையது.

அக்கா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆனால் அப்பாவின் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். "சார், தப்பா நினைக்காதீங்க, கம்பெனிக்காரன் எட்டு அங்குலத்துல பெரிய சத்தம் காட்டணும்னு அந்தக் குழாயை ஒரே சுருதிக்கு வெச்சிருக்கான். மூலையிலேர்ந்து எடுத்துடுங்க, பாதி சரியாயிடும்," என்றார் அக்கா. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கொண்டுபோய் அதே மூலையில் வைத்தார். அதன் பிறகு மேல் வீட்டுக்குப் போகவே இல்லை.

அக்கா, அன்று அப்படிச் சிரித்திருக்க வேண்டாம். உங்கள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

அடுத்த மாதம் மூன்றாவது மாடியில் பாத்திர அலமாரி அதிர ஆரம்பித்தது. மாமியின் கணவர் வரதன் மாமாதான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சாயங்கால வேளைகளில் டம்ளர்கள் தானாக நடக்கின்றன என்றார் மாமி. ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது, பூஜை அறையில் மணி தானாக ஆடுகிறது. கட்டடத்தில் யாரிடம் பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தனியாக இருக்கிற பெண், தானே மரம் அறுத்துப் பெட்டி செய்கிற பெண், கறி வாசனை வருகிற வீடு. யோசிக்க வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் அக்காவின் வீட்டில் இருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. அவருடைய பெட்டிகள் இரண்டும் அணைந்து கிடந்தன. அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"குழாய் வெச்ச பெட்டி. அடி நின்னும் முனகுது பாரு."

"எங்கேர்ந்துக்கா வருது?"

"விசில் அடிச்சா எங்கேர்ந்துன்னு காது சொல்லிடும் புக்கு. இவ்ளோ கீழ் சத்தத்துக்குத் திசையே கிடையாது. தூண்ல ஏறி வூடெல்லாம் ரொம்பிடும். கேக்கறவனுக்கு யாரைப் புடிக்கலையோ, அந்த வூட்லேர்ந்து வருதும்பான்."

எனக்கு அப்போது புரியவில்லை. அவருக்குப் புரிந்திருந்தது என்று இப்போது தெரிகிறது. யாருடைய பெட்டி என்று அவர் கடைசிவரை தன் வாயால் சொல்லவில்லை.

புகார் மனு எழுதப்பட்டது. அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஜயநகரிலிருந்து சங்கக் கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். அக்கா வீட்டைக் காலி செய்ய வேண்டுமா இல்லையா என்று அன்றைய கூட்டத்தில் முடிவாக வேண்டும். மனுவில் என் அப்பாவின் கையெழுத்தும் இருந்தது. "எல்லாரும் போட்டாங்க," என்றார். நான் அவரோடு ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் பேசிவிட்டேன். அதற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல்.

கூட்டம் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, காபி. ஞாயிறு சாயங்காலம். அம்மா வரவில்லை. ஊரிலிருந்து பெரியம்மா வந்திருந்ததால் வீட்டில் இருந்துவிட்டார். மாமிக்கு முட்டி வலி, அவரும் வரவில்லை. அக்கா கடைசியாக இறங்கி வந்தார். கையில் வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை. அதை மேசைமேல் வைத்தார்.

"இது என் வூட்டு ஃப்யூஸ். இப்ப என் வூட்ல ஃபேன்கூட ஓடாது. பேசி முடிக்கற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்."

"நாடகம் எல்லாம் எதுக்கும்மா," என்றார் வரதன் மாமா. "மரியாதையா சத்தத்தைக் குறைச்சுண்டா போறது."

"எவ்ளோ குறைக்கறது மாமா? நீங்க சொல்ற நாள்ல பாதி நாள் நான் ஃபேக்டரியில இருந்தேன். வருகைப் பதிவு கொண்டாரட்டுமா?"

"டைமர் வெச்சிருப்பே."

யாரோ சிரித்தார்கள். அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அது ஆரம்பித்தது. முதலில் தூணில்தான் தெரிந்தது. பிறகு மேசைமேல் இருந்த காபி டம்ளர்கள் மெல்ல நடுங்கின. ம்ம்ம் என்று ஒரே சுருதியில் நீண்டது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து மாமியின் குரல் கேட்டது.

"ஏன்னா, ஆரம்பிச்சுட்டா பாருங்கோ."

சுகந்தி அக்கா வரதன் மாமாவுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஃப்யூஸ் மேசைமேல் இருந்தது.

இனி யாராவது மன்னிப்புக் கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். என் வயதில் அப்படித்தான் நினைப்போம். வரதன் மாமா ஃப்யூஸைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், தாடையைத் தடவினார். "பேட்டரியில ஓடறதாயிருக்கும்," என்றார்.

"லாரி பேட்டரி வெச்சாத்தான் ஓடும் மாமா. வாங்க, மேல போய்ப் பாக்கலாம். கதவு தொறந்துதான் இருக்கு."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணி டிரம்முக்குள் யாரோ இருமினார்கள். நான் சொல்கிறேன், அப்பாவுக்கு அது தெரிந்துவிட்டது. போர்வைக்குப் பின்னால் மறைத்து வைத்தபோதே அதன் முனகலைப் பிரித்துச் சொன்ன காது அவருடையது.

"அப்பா, நம்ம வீடு. அம்மா பெரியம்மாவுக்குப் படம் போட்டிருக்காங்க."

"பெரியவங்க பேசறப்ப நடுவுல வராதே."

நான் எழுந்து ஓடினேன். வீட்டுக்குள் போய், அம்மா "ஏய், ஏய்" என்று சொல்லச் சொல்ல சப்ஊஃபரின் பிளக்கைப் பிடுங்கினேன். ஜன்னல் வழியாக மாமியின் குரல் கேட்டது. "ஏன்னா, நிறுத்திட்டா." நான் மறுபடி செருகினேன். "மறுபடியும் போட்டுட்டாளே, என்ன திமிர் பாருங்கோ." மறுபடி பிடுங்கினேன். மூச்சு வாங்க இறங்கி வந்து எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் வீட்டு சப்ஊஃபர்தான், நான்தான் நிறுத்திப் போட்டேன், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றேன்.

வரதன் மாமா என் தலையில் கை வைத்தார். "நல்ல பொண்ணு. அக்காமேல பாசம்," என்றார். பிறகு வீட்டுச் சொந்தக்காரரிடம் திரும்பி, "அவா வீட்டுல இருக்கறது கம்பெனி ஐட்டம் சார், குடும்பத்துக்குன்னு பண்றது. இது வீட்டுலயே அறுத்து ஒட்டினது," என்றார். சொந்தக்காரர் இவ்வளவு நேரம் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் கன்னடத்திலும் தமிழிலும் கலந்து, எது எப்படியோ, இத்தனை குடும்பங்கள் எழுதிக் கொடுத்திருக்கும்போது தான் என்ன செய்ய முடியும், மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளம்மா என்றார்.

அப்பா அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அவர் சொன்னால் நம்பியிருப்பார்கள்.

அக்கா ஃப்யூஸை எடுத்துக்கொண்டு படியேறினார். நான் பின்னாலேயே போய், "எல்லாரையும் இழுத்துட்டு வந்து காட்டுக்கா," என்றேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

"காட்டினேனே புக்கு. காதால கேட்டாங்களே. அவங்களுக்குச் சத்தம் பிரச்சினையில்ல. விடு."

"நீ ஏன் சண்டை போடல?"

"உங்கப்பா உன்னோட இருக்கப்போற ஆளு. நான் கிடையாது," என்றார். ஃப்யூஸை மாட்டினார். ஃபேன் ஓடியது. டீ போடட்டுமா என்றார்.

அக்கா அந்த மாதமே ஹெப்பகோடிக்கு வந்தார். ஒரே ஒரு அறை, அதில் கட்டில் போட்டால் பெட்டி வைக்க இடமில்லை. இரண்டு பெட்டிகளையும் உங்கள் தொழிற்சாலையில் கொண்டுவந்து வைத்ததாகச் சொன்னார். நீங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாட்டுக் கேட்பது அந்தப் பத்து அங்குலத்தில்தான் என்று ஃபிலோமினா அக்கா சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர் மல்லேஸ்வரத்தில் கேட்க விரும்பியதை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நன்றாகக் கேளுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பொருள் எதுவும் இல்லை. ஒரு வேலைமுறைதான். இரண்டு பேர் வழக்காடும்போது இப்போதெல்லாம் நான் முதலில் சத்தத்தைச் சமம் செய்துகொள்கிறேன். செயலாளரின் குரலை மனத்துக்குள் குறைக்கிறேன், தனியாக நிற்கிறவரின் குரலைக் கூட்டுகிறேன், அதற்குப் பிறகே யார் சொல்வது சரி என்று கேட்கிறேன். அரை மணிநேரம் ஆனாலும் பரவாயில்லை. பள்ளியில் இதனால் எனக்கு இரண்டு சிநேகிதிகள் குறைந்துவிட்டார்கள். இன்னொன்றும் வைத்திருக்கிறேன். அது இந்தக் கோபம். அதை அமைதிப்படுத்தும்படி அம்மா சொல்கிறார். நான் மாட்டேன்.

இதுவரை எழுதி முடித்ததும் இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் அச்சில் வரக்கூடாது என்று தோன்றியது. சாப்பாடு முடிந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். மிருதங்கத்தைப் படித்தபோது கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தைப் படித்தபோது திறக்கவில்லை. கடைசி வரிவரை படித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எல்லாம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்பா. ஏதாவது தப்பா இருக்கா?"

என் மடியில் இருந்த தாளைப் பார்த்தார்.

"அவங்க ஃபேக்டரியில எத்தனை பேர் இருப்பாங்க?"

"தெரியாது. அக்காவைத் தெரிஞ்சவங்க எல்லாரும் படிப்பாங்க."

"நம்ம பில்டிங்ல?"

"நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கோபமாகப் பார்த்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுந்து சுவரோரம் போனார். நான் இன்னும் தாளோடு உட்கார்ந்திருக்கும்போதே ஹால் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.